கவாத்துக் கை அறுத்த கட்டில்

செல்வி, முருகேசா, இந்த வாரம் எழுதுவது முழுக்க உங்கள் இரண்டு பேருக்கு. பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். ஒன்றும் தப்பில்லை.

நம் வீட்டில் நான் செய்து போட்ட சாமான் எதற்கும் கால் நேராக இருக்காது. முக்காலி, மாவு டின் வைக்கிற பலகை, நீங்கள் பாடம் எழுதிய மேசை, எல்லாமே காலை அகட்டிக்கொண்டுதான் நிற்கும். சின்ன வயதில் ஒருநாள் முருகேசன், "நம்ம மேசை ஒண்ணுக்குப் போக நிக்கிற மாதிரியே இருக்குப்பா" என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினான். நான் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கால்கள் ஏன் அப்படி என்று யாரும் என்னை உட்கார வைத்துக் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் எஸ்டேட் லயத்து வாசல். வேலை முடிந்து வந்த சாயங்காலம். முன்னால் ஒரு மரத்துண்டு. கையில் இரவல் வாங்கிய ரம்பம். காலிலும் வேட்டியிலும் மீசையிலும் மரத்தூள். என் வாழ்க்கையில் நான் அறுத்த முதல் கட்டில் கால் அது. அறுத்து முடித்ததும் துண்டு 'டொக்'கென்று கீழே விழுந்த சத்தம் இருக்கிறதே, அப்பா! லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் குதித்திருக்க மாட்டான்.

காலை எடுத்துச் சிமெண்டுத் திட்டில் நிறுத்தினேன். கையை எடுத்தேன். சாய்ந்து விழுந்தது.

திருப்பி நிறுத்தினேன். அந்தப் பக்கமாக விழுந்தது.

அடுத்த வீட்டுப் பேச்சியக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வாயை மூடி வைக்கத் தெரியாத மனுஷி. "ஏ தம்பி, கட்டிலுக்கே தூக்கம் வருது போலுக்கே" என்றாள்.

## தரை வேர்க்கும் வீடு

லயம் என்றால் என்ன என்று செல்விக்கு லேசாக ஞாபகம் இருக்கும். முருகேசனுக்கு இருக்காது. ஒரே நீளத்துக்கு வீடுகள், ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்மல் கேட்கும். முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. பின் சுவர் மலையை ஒட்டி இருக்கும்.

அதுதான் தொல்லை. மழைக்காலத்தில் மலை குடித்த தண்ணீர் மெதுவாக வீட்டுக்குள் வரும். ஓட்டை வழியாக ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம். இது அப்படி வராது. சிமெண்டுத் தரை அப்படியே வேர்க்கும். காலையில் பாயைச் சுருட்டினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். போர்வையைப் பிழிந்து காயப்போட்டவர்கள் உண்டு. காயப்போட்டால் மட்டும் காய்ந்துவிடுமா என்ன?

உங்கள் அம்மா கம்பத்துப் பக்கம் பிறந்தவள். வெயிலிலும் திராட்சைத் தோட்டத்திலும் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் மழையிலேயே அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அப்போது செல்வி வயிற்றில் இருந்தாள். இருமும்போது ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையைச் சுவரிலும் வைத்துக்கொள்வாள். நான் கஷாயம் வைப்பேன். வேறு என்ன செய்ய? இரண்டு சாக்கை மடித்துப் பாய்க்கு அடியில் போட்டேன். சாக்கும் நனைந்தது.

பிரசவத்துக்கு அவளைக் கூட்டிப் போன அவளுடைய அண்ணன், அதாவது உங்கள் சுருளி மாமா, அந்தத் தரையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

## மச்சான் போட்ட நிபந்தனை

செல்வி பிறந்தாள். தலை நிற்கத் தொடங்கியது. நான் லீவு போட்டுவிட்டு, குமுளி இறங்கிக் கம்பத்துப் பக்கம் போனேன், தாயையும் பிள்ளையையும் கூட்டி வர. மாமா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, தங்கச்சிய மறுபடி அந்த ஈரத்துல படுக்கப் போட மாட்டேன்" என்றார். "கட்டில் நான் போடுறேன்னு கல்யாணப் பந்தல்ல சொன்னவன். ரெண்டு வருசமா வெள்ளாம ஏமாத்திருச்சு. வெளையட்டும், கொண்டாந்து எறக்குறேன். அது வரைக்கும் ரெண்டும் இங்கனயே கெடக்கட்டும்."

"வெள்ளாம எப்ப வரும் மச்சான்?"

"வானம் பேஞ்சா வரும்."

எனக்கோ மடியில் பிள்ளை. நான் வந்ததிலிருந்து என் விரலைப் பிடித்த பிடியை விடாமல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மலையேறி, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தனியாக இன்னொரு மழைக்காலமா? வாய் முந்திக்கொண்டது.

"நானே ஒரு கட்டில் வாங்கிப் போட்டுக்கிறேனே."

மாமா வாளியைக் கீழே வைத்தார்.

"வாங்கிப் போடுவீகளா? பொண்ணக் குடுத்த எடத்துல கட்டில் போட வக்கில்ல, மாப்ளயே கடையில வாங்கிக்கிட்டாருன்னு ஊரு பேசணுமா? கடைக் கட்டில் உங்க வீட்ல கெடந்துச்சுன்னா வந்த பஸ்லயே தங்கச்சியத் திருப்பிக் கூட்டியாந்துருவேன், ஆமா."

"ஆசாரிய வச்சு…"

"கூலி குடுத்துச் செஞ்சாலும் அது வாங்குனதுதான்."

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. சொன்ன சீரைக் கொடுக்க முடியாதவனின் கோபம் அது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன். ஆனால் புரிந்து என்ன ஆக?

அப்போது உள்ளே அடுப்படியிலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது. தலையைக்கூட வெளியே நீட்டவில்லை.

"அவுகளே தன் கையால செஞ்சா?"

மாமா என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவுகளா? அந்தக் கைக்குக் கவாத்துக் கத்திய விட்டா என்ன தெரியும்?"

"தெரியுதோ தெரியலயோ. செஞ்சா உனக்குக் கொறச்சலா, இல்லயான்னு கேக்குறேன்."

மாமா யோசித்தார். மாடு முழு வாளியையும் குடித்து முடிக்கும் வரை யோசித்தார்.

"தன் புள்ளைக்குத் தகப்பன் தொட்டில் கட்டுனா அதுல மாமனுக்கு என்ன கொறச்சல்? செய்யட்டும். வைகாசியில நானே கூட்டியாந்து விடுறேன். ஆனா ஒண்ணு. அதுல ஒரு ஆணி அடுத்தவன் அடிச்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுரும்."

பஸ் ஏறும்போது உங்கள் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "செஞ்சுருவீகல்ல?"

"இதென்ன பெரிய விசயம்" என்றேன். அதுவரை நான் அடித்த ஆணி, கண்ணாடி மாட்டச் சுவரில் அடித்த ஒன்றுதான். அதுவும் வளைந்த ஆணி.

## பெஞ்சுக்கு அடியில்

ஆனால் பிள்ளைகளே, அந்தப் பஸ் பயணத்தை நினைத்தால் இப்போதும் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. வழியெல்லாம் மரச் சாமான்! இத்தனை நாள் என் கண்ணில் படாமல் எங்கே இருந்தன இவை? பஸ் சீட்டுக்குக் கீழே சட்டம் எப்படிப் போகிறது என்று குனிந்து பார்த்தேன். குமுளி டீக்கடையில் டீயை வாங்கி வைத்துவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டேன். கடைக்காரர் மலையாளத்தில், "எந்தா, பைசா வீணு போயோ?" என்று பதறிப்போய் அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். "காசு ஒன்றும் விழவில்லை, காலைப் பார்க்கிறேன்" என்று சொன்னேன். தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் ஒன்று முந்தின வருஷக் காற்றில் சாய்ந்து, அறுத்துப் போட்டிருந்தது. நல்லதெல்லாம் போன பிறகு மிஞ்சிய துண்டுகளும் சட்டங்களும் காய்ந்து கிடந்தன. விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி உண்டு. கேட்டுக்கொண்டு தூக்கி வந்தேன். மேலே போடப் பலகைக்கு, ஃபாக்டரிக்குப் பின்னால் குவிந்திருந்த உடைந்த தேயிலைப் பெட்டிகள். அந்தக் காலத்தில் தேயிலை பலகைப் பெட்டியில்தான் ஊரைவிட்டுப் போகும். ஓரத்துத் தகரத்தைக் கழற்றினால், பொடி ஆணிகள் கைநிறைய உதிரும். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். பலகை இடுக்கிலிருந்து தேயிலைத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. கட்டில் செய்கிறேனா, டீ போடுகிறேனா என்று தெரியாத வாசனை.

ரம்பம் எஸ்டேட் ஆசாரி குட்டப்பனுடையது. மாமாவின் நிபந்தனையைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஞான் தொடில்ல! வாள் கொண்டுபொய்க்கோ" என்றார். நான் தொட மாட்டேன், ரம்பத்தைக் கொண்டுபோ என்று அர்த்தம். அன்றிலிருந்து என் வாசலைக் கடக்கும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே கடந்தார்.

## ஆஸ்பத்திரிச் சாமான்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் அப்போது ஒரு வீட்டிலும் கட்டில் கிடையாது. கட்டில் என்றால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடக்கிற இரும்புக் கட்டில்தான். அதில் படுப்பவர்களுக்குக் கைகால் முறிந்திருக்க வேண்டும், அல்லது நாலு நாளாகக் காய்ச்சல் இறங்காமல் இருக்க வேண்டும். 'அவரைக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள்.

எனக்கும் சிறு வயதில் ஒருமுறை அம்மை போட்டு இறங்கிய பிறகு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். தரையிலிருந்து அத்தனை உயரத்தில் தூங்குவது மரத்தில் தூங்குகிற மாதிரி இருந்தது. விழுந்துவிடக் கூடாதென்று இரண்டு பக்கமும் இரும்பைப் பிடித்துக்கொண்டே கிடந்தேன். நர்ஸம்மா வந்து விரல் விரலாகப் பிரித்துவிட்டார்.

அதனால் நான் கட்டில் செய்யும் செய்தி பரவியதும் பேச்சியக்கா நேரே வந்து நின்றாள்.

"நோவு நொடி இல்லாம கட்டில்ல படுப்பாகளா? ஏம்ல இப்படி வெனையக் கூப்பிட்டு வீட்டுல வெக்க?"

"அக்கா, தரையில படுத்துத்தான அவளுக்கு நோவே வந்துச்சு."

"அதுவுஞ் சரிதான்" என்றாள் உடனே. பேச்சியக்காவிடம் அது ஒன்று. எவ்வளவு வேகமாக ஏறுவாளோ அவ்வளவு வேகமாக இறங்குவாள். "பெருசா செய்யி. நானும் ஒரு ஓரமா வந்து படுத்துக்கிடுதேன்."

## கை கேட்கவில்லை

சரி, விழுந்த காலுக்கு வருவோம்.

இரண்டாவது காலையும் அறுத்தேன். அதுவும் விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. குனிந்து பார்த்தால் அறுத்த வாய் மட்டமாக இல்லை, சரிந்து இருக்கிறது. ரம்பம்தான் கோணல் என்று முடிவு கட்டிக் குட்டப்பனிடம் கொண்டுபோனேன். அவர் தன் வீட்டு மரத்துண்டு ஒன்றை எடுத்து நறுக்கென்று அறுத்துக் காட்டினார். வெண்ணெய் வெட்டிய மாதிரி நேராக இருந்தது. ரம்பத்தைத் திருப்பித் தந்துவிட்டு மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மூலைமட்டம் வைத்துப் பென்சிலால் நேர்கோடு போட்டேன். கோட்டின் மேல் ரம்பத்தை வைத்தேன். பாதி வரை கோட்டில் போகும். அப்புறம் எனக்கே தெரியாமல் கை சரிந்துவிடும். வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி, தன் வழியில் போய்விடும்.

அப்போதுதான் காரணம் புரிந்தது. அந்த வருஷத்துக் கவாத்து முடிந்த சூடு ஆறாத நேரம் அது. கவாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டி இறக்குவது. பெண்கள் கொழுந்து எடுப்பார்கள், ஆண்கள் கவாத்து வெட்டுவோம். மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே என் வேலை அதுதான். அதில் முதல் பாடமே, மட்டமாக வெட்டாதே. மட்டமாக வெட்டினால் வெட்டுவாயில் மழைத்தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் செடி அழுகும். அதனால் ஒவ்வொரு கிளையையும் சரித்துத்தான் வெட்ட வேண்டும், தண்ணீர் வழிந்து ஓடுகிற மாதிரி.

எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் ஃபிளாஸ்க்கோடு வருவார். வெட்டிய கிளை ஒன்றைக் காட்டி, அதன் தலையில் தன் டீயை ஒரு சொட்டு ஊற்றுவார். சொட்டு வழிந்து ஓடினால் பேசாமல் போவார். நின்றால் அவ்வளவுதான், அன்றைக்கு முழுக்க நம் பரம்பரையையே விசாரிப்பார். எத்தனை ஆயிரம் செடி, எத்தனை வருஷம்! அந்தக் கையில் போய் ரம்பத்தைக் கொடுத்து நேராக அறு என்றால்?

விடவில்லை. தினமும் வேலை விட்டு வந்ததும் வெளிச்சம் இருக்கும் வரை அறுப்பேன். இடது கையால் அறுத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அறுத்துப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சாமி படத்துக்கு முன்னால் வைத்தும் அறுத்துப் பார்த்தேன். எல்லாம் சரிவுதான். எடுத்து வந்த மரத்தில் கால் கனத்துக்கு இருந்தவை எல்லாம் தீர்ந்துபோயின. சட்டமும் பலகையும் தயார். நிற்கக் கால் இல்லை.

அந்த வாரம் கம்பம் சந்தைக்குப் போய் வந்த ஒருவர் மாமாவின் செய்தியைக் கொண்டுவந்தார்: வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இடவப்பாதி என்று எங்கள் பக்கம் சொல்கிற பெருமழை அது. கட்டில் இல்லையென்றால் மாமா அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார், தங்கச்சியோடும் என் பிள்ளையோடும். அந்த மனுஷர் சொன்னால் செய்கிறவர்.

## பேச்சியக்கா விறகு கேட்டாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரம்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பேச்சியக்கா ஒரு கையில் டம்ளரோடு வந்தாள்.

"ஏ தம்பி, இந்தக் கட்டையெல்லாம் இனி உனக்கு ஆவாதுல்லா? மழை வருது. அடுப்புக்கு எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துக்கோங்க அக்கா."

"நல்லாத்தாம்ல அறுத்திருக்க. அடுப்புக்குள்ள அம்சமாப் போவும்." சிரித்துக்கொண்டே கால்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள். கை நிறைந்ததும், டம்ளரை எங்கே வைக்க என்று பார்த்தவள், சுவரில் வைத்த ஒரு காலின் தலையிலேயே அதை வைத்துவிட்டு மிச்சத்தை எடுக்கத் திரும்பினாள்.

நான் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மாதான். பார்க்க வேறொன்றும் இல்லாததால்.

டம்ளர் விழவில்லை.

டம்ளர் நிறைய டீ. ஒரு பக்கமும் சரியாமல், குளம் மாதிரி மட்டமாக நின்றது. அதைத் தாங்கிய கால் சாய்ந்து நின்றது. பக்கத்துக் காலும் அதே சாய்வு. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் அதே சாய்வு! பெரட்டில், அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற வரிசையில், நிற்கிற ஆள்கள் எல்லாரும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்த மாதிரி, இம்மி பிசகாமல் ஒரே சாய்வு.

மரத்தைத் திருப்பிப் போடாமல், நானே நகர்ந்து நகர்ந்து இரண்டு முனையையும் அறுத்திருந்தேன். மேல் வாயும் அடி வாயும் ஒரே மாதிரி சரிந்திருந்தன. காலைச் சாய்த்து நிறுத்தினால் அடியும் தரையில் படிந்துவிடும், தலையும் மட்டமாகிவிடும். விழுந்ததெல்லாம் நான் நேராக நிறுத்தியதால் விழுந்தது!

"அக்கா, தொடாதீங்க! வையுங்க! அப்படியே வையுங்க!"

பேச்சியக்கா கட்டையைப் போட்டுவிட்டு ஒரு துள்ளுத் துள்ளினாள். "என்னல, பாம்பா?"

"கால் அக்கா, கால்!"

"யாரு கால்ல?"

டம்ளரை அவள் கையில் திணித்துவிட்டு, கால்களை அள்ளிக்கொண்டு ஓடினேன். சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டேன். நாலு மூலையிலும் நாலு கால், வெளியே பார்த்து அகட்டி வைத்தேன். ஒவ்வொன்றின் தலையும் சட்டத்தில் உதடு ஒட்டின மாதிரி ஒட்டியது. ஒரு நகம் நுழைய இடம் இல்லை. இத்தனை நாளாக நேராக்கு, நேராக்கு என்று நான் அடித்துக்கொண்ட கை, அதன் போக்கில் விட்டதும் இப்படி வேலை செய்கிறது!

சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறு காலையும் எனக்குப் பசி தெரியவில்லை. அகட்டிய கால் மேலும் அகலாமல் இருக்கக் குறுக்கே சட்டம் வைத்து இறுக்கினேன். தேயிலைப் பெட்டிப் பலகைகளை வரிசையாகப் போட்டு, நிமிர்த்திய ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு அடித்தேன். விரலில் இரண்டு அடி விழுந்தது. விழட்டும்! சில்வர் ஓக்கைத் தேய்த்தால் மீன் செதில் மாதிரி மினுக்கும், தெரியுமா? அதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கடைசியில் நிமிர்த்தி நிறுத்தினேன். கையை எடுத்தேன்.

நின்றது.

பேச்சியக்கா மெதுவாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். அசைந்தாள். குதித்தாள். "ஆடமாட்டேங்குல்லா!" என்றாள். ஆடவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

## மாமாவின் சோதனை

பிற்பகல் பஸ்ஸில் வந்தார்கள். முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மா துணிக்குள் பிள்ளையைப் பொதிந்துகொண்டு வாசலிலேயே நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணன் என்ன சொல்வாரோ என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையை வாங்கக் கை நீட்டவில்லை. வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று பயம்.

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தார்.

"என்ன மாப்ளே, அப்பத்தான் பொறந்த கன்னுக்குட்டி மாதிரி காலை அகட்டிக்கிட்டு நிக்குது?"

மண்டி போட்டார். ஒரு காலின் அடியைத் தடவினார். தலையைத் தடவினார். அடுத்த காலுக்குப் போனார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. குட்டப்பனும் வந்து நின்றிருந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. மாமா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"ரம்பம் யாரு புடிச்சது?"

"நான்தான் மச்சான்."

"பொய் சொல்லலயே?"

குட்டப்பனுக்கு வாய் பொறுக்கவில்லை. "எண்டெ கைபணி இங்ஙனெ சரியுமோ?" என்றார். தன் கைவேலை இப்படிச் சரியுமா என்று அவருக்கு ரோஷம்.

மாமா எழுந்து நின்றார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "இத ஒரு ஆசாரி செஞ்சிருந்தான்னா அவனுக்கு இந்த ஜில்லாவுல வேலையே கெடைக்காது" என்றார். "எந்தக் கடைக்காரனும் இத வாசல்ல வைக்க மாட்டான். அம்புட்டும் கவாத்து வெட்டு! எங்க மாப்ள கைதான், நானே சாட்சி."

பொத்தென்று அதில் உட்கார்ந்தார். மாமாவின் உடம்பு உங்களுக்குத் தெரியும். கட்டில் ஒரு சத்தம் போடவில்லை.

உங்கள் அம்மா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து பிள்ளையைப் பலகையில் கிடத்தக் குனிந்தாள்.

"இரு, இரு" என்று மாமா தடுத்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து உதறி, பலகையின் மேல் விரித்தார். பிள்ளையைத் தன் கையில் வாங்கினார். "என் மருமகள நான்தான் மொதல்ல கெடத்துவேன். அந்த உரிமையாவது எனக்கு வேணும்ல" என்றார். கிடத்தினார்.

செல்வி, நீ கொட்டாவி விட்டாய். அவ்வளவுதான். அதற்கு லயமே சிரித்தது.

மாமா சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிப் போனார், தனியாக. போகும்போது, "என் கட்டிலும் வரும் மாப்ளே. அப்ப இத எங்க போடுவீகன்னு இப்பவே யோசிச்சு வைங்க" என்றார்.

இரவெல்லாம் மழை கொட்டியது. தகரத்தின் மேல் கல் கொட்டுகிற மாதிரி. விடிந்தும் விடவில்லை. உங்கள் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பேச்சியக்கா கூப்பிட்டாள் என்று அடுத்த வீட்டுக்குப் போனாள். இருமாமல் போனாள்.

நான் கதவைச் சாத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தேன். தரை வழக்கம்போல வேர்த்திருந்தது. சட்டை முதுகு உடனே நனைந்தது. மேலே கையை நீட்டி, பலகைகளின் அடியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அடுத்ததும் காய்ந்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் விரலில் ஈரம் தட்டியது.

விரலை மோந்து பார்த்தேன்.

செல்வி, அது நீ.

சட்டை நுனியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, பெரட்டு மணி அடிக்கும் வரை அங்கேயே கிடந்தேன்.